கையெழுத்துக்கு மேலே ஒரு வரி: வணிகருக்கு வேண்டிய ஆங்கிலம்

நமது வணிகர்களில் பலர், "எனக்கு இங்கிலீஷ் வராது, ஆனாலும் வியாபாரம் நடக்கிறது" என்று சொல்வது வழக்கம். அது உண்மைதான். பேரம் பேச, சரக்கின் தரம் பார்க்க, நாணயமான ஆளை அடையாளம் காண ஆங்கிலம் தேவையில்லை. ஆனால் ஒரு நாளில் நமது கைக்கு வரும் காகிதங்களை எண்ணிப் பாருங்கள். கம்பெனி பில், லாரி ரசீது, டெலிவரி சலான், செக், பாங்க் மெமோ, கிரெடிட் நோட் எல்லாம் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. விலையைத் தமிழில் பேசி முடித்துவிட்டு, கையெழுத்தை மட்டும் ஆங்கிலக் காகிதத்தில் போடுகிறோம். பின்னால் தகராறு வந்தால், நாம் பேசிய தமிழ் சாட்சிக்கு வராது. அந்தக் காகிதம்தான் வரும்.

இதற்காக முழு ஆங்கிலத்தையும் படிக்க வேண்டியதில்லை. இலக்கணப் புத்தகமும் வேண்டாம். நமது தொழிலில் திரும்பத் திரும்ப வரும் சொற்றொடர்கள் முப்பது, நாற்பதுதான். அவற்றில் எது யார் தலையில் நட்டத்தை வைக்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும். அவற்றுள் முக்கியமானவற்றை இங்கே பார்ப்போம்.

குடோன் என்பது நமது கிடங்கு

முதலில் அச்சம் நீங்க வேண்டும். நாம் அன்றாடம் சொல்லும் "குடோன்" ஆங்கிலச் சொல் என்றே எண்ணுகிறோம். அகராதிக்காரர்கள் அதன் வேரைத் தேடிக்கொண்டு போய் நமது "கிடங்கு" என்ற சொல்லில் நிற்கிறார்கள். கடல் வாணிகத்தின் வழியாகச் சென்று, மலாய் மொழியில் "குடாங்" என்றும், போர்ச்சுகீசியர் வாயில் புகுந்தும், ஆங்கிலத்தில் "குடோன்" ஆகித் திரும்ப நம்மிடமே வந்திருக்கிறது. "செரூட்" நமது சுருட்டு. "கேட்டமரன்" நமது கட்டுமரம். இந்தியாவில் வழங்கிய இத்தகைய சொற்களைத் தொகுத்து யூல், பர்னெல் என்ற இருவர் 1886-ல் ஒரு பெரிய அகராதியே வெளியிட்டார்கள். வணிகர்கள்தான் சொற்களைக் கப்பலேற்றியவர்கள். ஆகவே வணிகனுக்கு அந்நியச் சொல் என்று ஒன்று இல்லை. பழகாத சொல் என்றுதான் உண்டு.

சரக்கு இறங்கும்போது

லாரி வந்து நிற்கிறது. இறக்கும் அவசரத்தில் கடைப் பையன் சலானில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறான். அந்தக் கையெழுத்துக்கு மேலே சிறிய எழுத்தில் "ரிசீவ்டு இன் குட் கண்டிஷன்" என்று அச்சிட்டிருக்கும். "சரக்கு எண்ணிக்கை சரியாக, நல்ல நிலையில் வந்து சேர்ந்தது" என்று நாமே எழுதிக் கொடுத்ததாக அது ஆகிறது. மாலையில் பிரித்துப் பார்த்தால் இரண்டு டின் ஒழுகியிருக்கிறது, ஒரு மூட்டை குறைகிறது. அப்போது கம்பெனிக்குப் போன் செய்தால், "உங்கள் ஆள் கையெழுத்து இருக்கிறதே" என்பதே முதல் பதிலாக இருக்கும்.

இதற்கு மருந்து மூன்று சிறு வாசகங்கள். மூட்டை குறைந்தால் "டூ பேக்ஸ் ஷார்ட்". பெட்டி கிழிந்திருந்தால் "ஒன் கார்ட்டன் டோர்ன்". பிரித்துப் பார்க்க அவகாசம் இல்லையென்றால் "ரிசீவ்டு சப்ஜெக்ட் டு செக்கிங்", அதாவது "சரிபார்ப்புக்கு உட்பட்டுப் பெற்றுக்கொண்டேன்". இவற்றைக் கையெழுத்துக்கு மேலே, லாரிக்காரரிடம் இருக்கும் பிரதியிலும் எழுத வேண்டும். ஆங்கிலத்தில் எழுத வரவில்லையா, தமிழிலேயே எழுதுங்கள். எழுதாமல் விடுவதுதான் ஆபத்து.

லாரி ரசீதில் கவனிக்க வேண்டியவை இன்னும் சில. "செட் டு கன்டெய்ன்" என்றால், "உள்ளே இன்ன சரக்கு இருப்பதாக அனுப்பியவர் சொன்னார், நாங்கள் பிரித்துப் பார்க்கவில்லை" என்று பொருள். "அட் ஓனர்ஸ் ரிஸ்க்" என்றால் வழியில் ஏற்படும் சேதத்தைச் சரக்குக்காரர் தலையில் வைக்கும் முயற்சி. விலை உயர்ந்த சரக்கானால், புக்கிங் செய்யும்போதே மதிப்பை எழுதிக் கொடுப்பதும், இன்ஷூரன்ஸ் செய்வதும் நல்லது. "ஃபிரைட் பெய்டு" என்றால் வாடகை கட்டியாகிவிட்டது; "டு பே" என்றால் சரக்கை எடுப்பவர் கட்ட வேண்டும்.

சரக்கு காணாமல் போனாலோ சேதமானாலோ லாரி நிறுவனத்தின் மீது வழக்குப் போடுவதற்கு முன், எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்கிறது 2007-ம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம். அந்த நோட்டீசுக்குக் கெடு 180 நாள். அந்த 180 நாளும் சரக்கு வந்து சேர்ந்த தேதியிலிருந்து அல்ல, "டேட் ஆஃப் புக்கிங்" என்ற புக்கிங் தேதியிலிருந்து எண்ணப்படும். போனில் பல மாதம் பேசிக்கொண்டே இருந்து கெடுவை விட்டுவிடக் கூடாது.

விலையோடு ஒட்டி வரும் சொற்கள்

இரண்டு கம்பெனிகள் ஒரே சரக்குக்கு விலை அனுப்புகின்றன. ஒன்று மூட்டைக்கு இருபது ரூபாய் குறைவு. ஆனால் அதில் "எக்ஸ் குடோன்" என்று இருக்கிறது. அவர்கள் கிடங்கு வாசல் வரைதான் அந்த விலை. ஏற்றுக்கூலி, லாரி வாடகை எல்லாம் வாங்குபவர் பொறுப்பு என்று அர்த்தம். மற்றொன்றில் "எஃப்.ஓ.ஆர். டெஸ்டினேஷன்" என்று இருக்கிறது. நமது ஊர் வரை வாடகை அவர்களுடையது. "டோர் டெலிவரி" என்றால் கடை வாசல் வரை. "குடோன் டெலிவரி" என்றால் லாரி ஆபீஸ் கிடங்கிலிருந்து நாம் எடுத்து வர வேண்டும். வரியைப் பற்றியும் பார்க்க வேண்டும். "இன்க்ளூசிவ்" என்றால் வரி உட்பட, "எக்ஸ்ட்ரா" என்றால் வரி தனி. இவையெல்லாம் கூட்டிப் பார்த்த பிறகுதான் எது மலிவு என்று சொல்ல முடியும்.

ஜவுளி, பாத்திரம், புத்தகம் போன்ற தொழில்களில் "ஆன் அப்ரூவல்" அல்லது "சேல் ஆர் ரிட்டர்ன்" என்று சரக்கு வரும். பிடித்தால் எடுத்துக்கொள்ளலாம், இல்லையேல் திருப்பலாம். ஆனால் இதில் காலக்கெடு உண்டு. 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 24-ம் பிரிவின்படி, குறித்த நாளுக்குள் "வேண்டாம்" என்று தெரிவிக்காமல் சரக்கை வைத்துக்கொண்டிருந்தால், அது நமது சரக்காகிவிடும். நாள் குறிக்கவில்லை என்றால் நியாயமான காலம் என்று கணக்கிடப்படும். "விற்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம்" என்று நினைத்து அலமாரியில் அடுக்கி வைப்பது சரியல்ல.

எடையில் மூன்று சொற்கள். "கிராஸ்" என்பது சாக்கு, பெட்டியோடு சேர்த்த மொத்த எடை. "டேர்" என்பது வெறும் சாக்கு, பெட்டியின் எடை. "நெட்" என்பது சரக்கின் நிகர எடை. "டேர்" என்ற சொல் "தள்ளி எறிந்தது" என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. தள்ள வேண்டிய எடை என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். ரேட் எதற்கு என்று கேளுங்கள். கிராஸ் எடைக்கு ரேட் என்றால் சாக்குக்கும் சேர்த்துச் சரக்கு விலை கொடுக்கிறோம். எண்ணிக்கைச் சரக்கில் மட்டும் "கிராஸ்" என்றால் பன்னிரண்டு டஜன், அதாவது 144. பட்டன், பென்சில் வியாபாரிகளுக்கு இது தெரியும்; புதிதாக அந்தச் சரக்கில் இறங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

பில்லின் அடியில் உள்ள வரிகள்

ஏறக்குறைய எல்லா பில்களிலும் கீழே "ஈ அண்டு ஓ.ஈ." என்று இருக்கும். "எர்ரர்ஸ் அண்டு ஒமிஷன்ஸ் எக்ஸெப்டட்" என்பதன் சுருக்கம். "கூட்டல் பிழை, விடுபட்டவை நீங்கலாக" என்று பொருள். பின்னால் தவறு தெரிந்தால் திருத்திக் கேட்கும் உரிமையை இதன் மூலம் விற்பவர் வைத்துக்கொள்கிறார். பலர் "எக்ஸெப்டட்" என்பதை "அக்செப்டட்" என்று படித்து, "பிழைகள் ஏற்றுக்கொள்ளப்படும்" என்று எண்ணுகிறார்கள். முதலாவது "நீங்கலாக", இரண்டாவது "ஏற்றுக்கொள்ளப்பட்டது". ஓசையில் சிறு வேறுபாடுதான். பொருள் நேர் எதிர்.

அதற்குப் பக்கத்தில், "சப்ஜெக்ட் டு இன்ன ஊர் ஜூரிஸ்டிக்ஷன்" என்று ஒரு வரி இருக்கும். வழக்கு வந்தால் அந்த ஊர் நீதிமன்றத்தில்தான் என்பது அதன் கருத்து. இந்த ஒரு வரிக்காக நமது சேலத்து வணிகர் ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. குஜராத்தில் கைரா நீதிமன்ற எல்லைக்குள் இருந்த நிறுவனத்திடம் உலோக இழை நூல் வாங்குவதில் தகராறு ஏற்பட்டு, அவர் சேலத்தில் வழக்குப் போட்டார். ஒப்பந்தத்தில் "கைரா ஜூரிஸ்டிக்ஷன்" என்று இருக்கிறதே என்று எதிர்த்தரப்பு வாதாடியது. கீழ்க்கோர்ட்டில் அந்த வாதம் எடுபட்டது. உயர்நீதிமன்றத்தில் சேலத்து வணிகர் பக்கம் திரும்பியது. 1989-ல் உச்ச நீதிமன்றம், அந்த வரியில் "ஒன்லி", "அலோன்", "எக்ஸ்க்ளூசிவ்" போன்ற சொல் எதுவும் இல்லை, ஆகவே சேலம் நீதிமன்றம் விலக்கப்படவில்லை என்று தீர்ப்பளித்தது. "மட்டும்" என்ற ஒரு சொல் இல்லாததால் அவருக்கு ஊரிலேயே வழக்கு நடத்த வழி கிடைத்தது.

இதை நம்பி இன்று அசட்டையாக இருந்துவிடக் கூடாது. 2013-ல் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், "ஒன்லி" என்ற சொல் இல்லாவிட்டாலும், ஒரு ஊரைக் குறிப்பிட்டாலே மற்ற ஊர்களை விலக்குவதே கருத்து என்று எடுத்துக்கொள்ளலாம் என்று கூறிவிட்டது. எனவே வெளிமாநிலக் கம்பெனியோடு ஒப்பந்தம் போடும்போதே இந்த வரியைப் பாருங்கள். பதினைந்தாயிரம் ரூபாய் பாக்கிக்காக அகமதாபாத்துக்கோ டெல்லிக்கோ வாய்தாவுக்குப் போய்வர முடியுமா? பேசி மாற்றச் சொல்ல வேண்டிய நேரம் ஆர்டர் கொடுக்கும் நேரம்தான்.

நாள், பணம், செக்

"பை டென்த்" என்றால் பத்தாம் தேதியும் சேர்த்து, அதற்குள். "பிஃபோர் டென்த்" என்றால் ஒன்பதாம் தேதியோடு சரி. "வித்தின் செவன் டேஸ்" என்றால் ஏழு நாளுக்குள். "ஆஃப்டர் செவன் டேஸ்" என்றால் ஏழு நாள் கழித்து. "தர்ட்டி டேஸ் ஃபிரம் டேட் ஆஃப் இன்வாய்ஸ்" என்றால் பில் போட்ட தேதியிலிருந்து முப்பது நாள். சரக்கு வர ஒரு வாரம் ஆனால் நமக்குக் கிடைப்பது இருபத்து மூன்று நாள்தான். "ஃபிரம் ரிசீட் ஆஃப் கூட்ஸ்" என்று மாற்றிக் கேட்டால் முழு முப்பது நாளும் கிடைக்கும். வட்டி போடும் கம்பெனிகளிடம் இந்த வேறுபாடு பணமாகவே தெரியும்.

"கிரெடிட் நோட்", "டெபிட் நோட்" இரண்டையும் மாற்றிப் புரிந்துகொள்பவர்கள் உண்டு. கம்பெனி நமக்குக் கிரெடிட் நோட் அனுப்பினால், அவர்கள் பேரேட்டில் நமக்கு வரவு வைத்தார்கள், நமது பாக்கி குறைகிறது என்று பொருள். சரக்கைத் திருப்பினாலும், விலை அதிகம் போட்டிருந்தாலும் இதைக் கேட்டு வாங்க வேண்டும். ஜி.எஸ்.டி.யில் வரியும் குறைய வேண்டுமானால், நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள்ளோ, விற்றவர் அதற்கு முன்பே ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்தால் அந்தத் தேதிக்குள்ளோ, அந்த நோட்டை அவர் தமது ரிட்டர்னில் காட்டியாக வேண்டும். "அப்புறம் பார்க்கலாம்" என்று விடக்கூடாது.

பணம் வரும்போதும் சொல்லைப் பாருங்கள். "ஆன் அக்கவுண்ட்" என்றால் கணக்கில் ஒரு பகுதி வரவு, மீதி நிற்கிறது. "இன் ஃபுல் அண்டு ஃபைனல் செட்டில்மெண்ட்" என்றால் இத்தோடு கணக்குத் தீர்ந்தது. ஐம்பதாயிரம் வர வேண்டிய இடத்தில் நாற்பதாயிரத்துக்குச் செக் வைத்து, கூடவே வரும் கடிதத்தில் இந்த வாசகம் இருந்தால், மறுப்பு எழுதாமல் செக்கை மாற்றிவிட்டுப் பிறகு மீதியைக் கேட்பது கடினம்.

"பேலன்ஸ் கன்ஃபர்மேஷன்" என்று ஆண்டு முடிவில் வரும் கடிதத்தையும் சாதாரணமாக எண்ணக் கூடாது. வியாபாரக் கடனுக்குப் பொதுவாக மூன்று ஆண்டு காலவரையறை. அது முடிவதற்குள் கடன்பட்டவர் "இந்தப் பாக்கி சரி" என்று எழுதிக் கையெழுத்திட்டால், அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு எண்ணப்படும். நமக்கு வர வேண்டிய இடத்தில் இந்தக் கடிதத்தைத் தவறாமல் வாங்குங்கள். நாம் கொடுக்க வேண்டிய இடத்தில் தொகையைப் பேரேட்டோடு ஒத்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

செக் திரும்பினால் பாங்க் மெமோவில் காரணம் எழுதியிருக்கும். "ஃபண்ட்ஸ் இன்சஃபிஷியன்ட்" என்றால் கணக்கில் போதிய பணம் இல்லை. "பேமெண்ட் ஸ்டாப்டு பை டிராயர்" என்றால் செக் கொடுத்தவரே நிறுத்தச் சொல்லிவிட்டார். அகராதியில் "டிராயர்" என்று தேடினால் மேசை இழுப்பறை என்றும் வரும். பாங்க் மொழியில் செக் எழுதியவர்தான் டிராயர். மெமோ கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்து 15 நாளுக்குள் அவர் பணம் கட்டாவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் கொடுக்கலாம். செக்கின் ஆயுளும் முன்போல் ஆறு மாதம் அல்ல. 2012 ஏப்ரல் 1 முதல் மூன்று மாதம்தான்.

பாக்கெட்டின் மேல்

பாக்கெட் சரக்கில் அச்சிட வேண்டிய விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும் என்று 2011-ம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. தமிழைக் கூடுதலாகச் சேர்க்கலாம், கட்டாயம் இல்லை. ஆகவே சோதனைக்கு அதிகாரி வரும்போது பதில் சொல்ல நாம்தான் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். "பெஸ்ட் பிஃபோர்" என்பது சுவையும் தரமும் குறையாமல் இருக்கும் காலம். "எக்ஸ்பைரி" அல்லது "யூஸ் பை" என்பது அதற்குப் பிறகு உண்ணவே கூடாத நாள். அந்தத் தேதி தாண்டிய பாக்கெட் அலமாரியில் இருக்கவே கூடாது. சோப்பில் "வென் பேக்டு" என்று இருப்பது, பொட்டலம் கட்டியபோது இருந்த எடை என்பதைக் குறிக்கும். சோப்பு காயக் காய எடை குறைவது இயல்பு. வாடிக்கையாளர் தராசில் வைத்துக் கேட்டால் இதை எடுத்துச் சொல்லலாம்.

போனில் பேசும்போது

எழுத்தில் வரும் சிக்கல் ஒருபுறம். பேச்சில் பெரிய சிக்கல் "யெஸ்", "நோ" என்ற இரண்டு சொற்களில் இருக்கிறது. "சரக்கு வரவில்லையா?" என்று கேட்டால் நாம் தமிழில் "ஆமாம், வரவில்லை" என்போம். அதே பழக்கத்தில் ஆங்கிலத்தில் "யெஸ்" என்று மட்டும் சொன்னால், ஆங்கில முறையில் பழகிய கம்பெனி அதிகாரி "வந்துவிட்டது" என்று எழுதிக்கொள்வார். ஆங்கிலத்தில் வராத சரக்குக்கு "நோ" என்றுதான் சொல்ல வேண்டும். குழப்பமே வேண்டாம் என்றால் முழு வாக்கியமாக, "ஸ்டாக் ஹேஸ் நாட் கம்" என்று சொல்லிவிடுங்கள்.

நமது ஊரில் பொருள் மாறிய சொற்களும் உண்டு. "எனக்கு ஒரு டவுட்" என்று விளக்கம் கேட்கிறோம். ஆங்கிலத்தில் அது நம்பிக்கையின்மையைக் காட்டும். கம்பெனிக்கு எழுதும்போது "கிளாரிஃபிகேஷன்" என்று எழுதுவது மரியாதை. மீதிச் சில்லறையைப் "பாலன்ஸ்" என்கிறோம். வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் "சேஞ்ச்" என்றால்தான் புரியும். "நோ ஸ்டாக்" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்வதைவிட, "சாரி, இட் இஸ் அவுட் ஆஃப் ஸ்டாக். இட் வில் கம் பை தர்ஸ்டே" என்றால் அவர் வியாழக்கிழமை திரும்பி வருவார். தொகை சொல்லும்போது ஒரு மில்லியன் என்பது பத்து லட்சம், பத்து மில்லியன் என்பது ஒரு கோடி என்பதை மனதில் வைக்க வேண்டும்.

எப்படிக் கற்பது?

புத்தகக் கடைக்குப் போவதற்கு முன் நமது பழைய பில் கட்டை எடுங்கள். அதுதான் பாடப்புத்தகம். ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள். முதலில் ஆங்கிலச் சொல்லைக் காகிதத்தில் உள்ளபடியே. இரண்டாவதில் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு. மூன்றாவதில் அதன் அகராதிப் பொருளை அல்ல, "இது இருந்தால் பணம் யார் கொடுப்பது, நட்டம் யாருக்கு" என்பதை எழுதுங்கள். வாரம் ஐந்து சொல் போதும். இரண்டு மாதத்தில் நாற்பது சொல் சேர்ந்துவிடும்.

பொருள் தெரியாத சொல்லைச் சங்கத்தில், கணக்கரிடம், கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளிடம் கேட்கலாம். இப்போது போனில் படம் எடுத்தாலே மொழிபெயர்ப்பு வருகிறது. ஆனால் அது சொல்லுக்குச் சொல் தருமே தவிர, தொழில் பொருளைத் தரும் என்று நம்ப முடியாது. பெரிய தொகையானால் வழக்கறிஞரையோ ஆடிட்டரையோ கேட்காமல் கையெழுத்திட வேண்டாம்.

முக்கியமாக, இந்த நோட்டு முதலாளியின் மேசையில் மட்டும் இருந்து பயனில்லை. சரக்கு இறங்கும்போது வாசலில் நிற்பவர் கடைப் பையன். லாரி ரசீதில் கையெழுத்துப் போடுபவரும் அவர்தான். அவருக்கு முதலில் "ஷார்ட்", "டோர்ன்", "சப்ஜெக்ட் டு செக்கிங்" என்ற மூன்றையும் எழுதக் கற்றுக் கொடுங்கள். நாளைக் காலை முதல் லாரி வருவதற்குள் இதைச் செய்துவிடலாம்.